புகையில் வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஏற்ற சோஸ்

பன்றியின் தோட்பகுதி எளிதில் வேகும் இறைச்சியன்று. நடமாட்டத்தில் ஓயாது உழைத்த தசையாதலால் அதில் இணைப்பிழையமும் கொழுப்பும் மிகுந்திருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழும் மக்கள் இதனைப் பதப்படுத்தக் கைக்கொண்ட வழி, மென்மையான வெப்பத்தில் நெடுநேரம் புகையூட்டி வாட்டுவதாகும். 225 முதல் 250 பாகை பரனைற்று வரையான வெப்பத்தில், 8 இறாத்தல் நிறையுள்ள துண்டொன்று வேக 12 மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் செல்லக்கூடும். இறைச்சியின் உள்வெப்பம் 195 முதல் 205 பாகையை அடையும்போது இணைப்பிழையம் கரைந்து பசையாக மாறும். இறைச்சி விரலாற் பிய்க்கக்கூடிய பதத்தை எய்தும். இவ்வாறு ஒரு முழுநாளும், ஒரு கட்டு விறகும், விலங்கின் நல்லதொரு பகுதியும் செலவாகிய பின்னர், இறுதியில் ஊற்றப்படும் ஒரு கோப்பைச் சோஸ் அவ்வுழைப்பை உயர்த்தவும் கூடும், பாழாக்கவும் கூடும்.

வட கரோலைனா மாநிலத்தின் கிழக்குப் பகுதியே இவ்வகை இறைச்சிக்குப் பெயர்பெற்ற இடம். அங்கு முழுப்பன்றியையே தணலின் மேல் வாட்டுவர். புகையிலை அறுவடை முடிந்ததும் தோட்டத்தில் உழைத்தோர் அனைவரும் கூடியுண்பது பழைய வழக்கம். அப்பகுதியார் பயன்படுத்தும் சோஸில் தக்காளி ஒரு துளியும் இல்லை. வினாகிரி, உப்பு, இடித்த செத்தல் மிளகாய், மிளகு ஆகியவையே அதன் பொருள்கள். பார்வைக்கு அது சோஸ் போலவே தோன்றாது, தண்ணீர்போல ஓடும். ஆயினும் கொழுப்பு மிகுந்த இறைச்சிக்கு அதனினும் பொருத்தமானது வேறொன்று இல்லை எனலாம். கொழுப்பு நாவின்மேற் படிந்து சுவையை மழுங்கச் செய்கின்றது. புளிப்போ வாயூறச் செய்து அடுத்த கவளத்திற்கு நாவை ஆயத்தமாக்குகின்றது. மேலும், நீர்த்தன்மையான இச்சோஸ் பிய்த்த இழைகளினிடையே ஊறிச் செல்லும். தடித்த சோஸ் மேலே போர்வைபோலப் படிந்துவிடும்.

அதே மாநிலத்தின் மேற்குப் பக்கத்திலுள்ள லெக்சிங்ரன் நகரில் முழுப்பன்றிக்குப் பதிலாகத் தோட்பகுதியை மட்டும் வாட்டுவர். அங்கு வினாகிரியுடன் சிறிது தக்காளிச் சோஸும் சீனியும் சேர்க்கப்படும். 1984 ஆம் ஆண்டு முதல் இந்நகரில் இதற்கென ஒரு பெருவிழா நடத்தப்பட்டு வருகின்றது. தக்காளி சேர்ப்பது சரியா தவறா என்னும் வழக்கு இரு பகுதியாருக்குமிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. தென் கரோலைனாவின் நடுப்பகுதியிலோ கடுகுச் சோஸ் வழங்குகின்றது. 18 ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய யேர்மானியக் குடும்பங்களே அவ்வழக்கைக் கொண்டுவந்தன என்பர். கன்சாஸ் நகரத்துச் சோஸ் தக்காளியும் கரும்புப் பாகும் கலந்த, தடித்த, இனிப்பான கலவை. கடைகளிற் போத்தலில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. ஆதலாற் பலர் சோஸ் என்றாலே இதுதான் என்று கருதுகின்றனர். மெல்லிய புகைமணத்தை இவ்வினிப்பு முற்றாக மறைத்துவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தெரிவு செய்யும் முறை

எச்சோஸ் ஏற்றது என்பதைக் கரண்டியால் நக்கிப் பார்த்துத் தீர்மானித்தல் பிழை. தனியே சுவைக்கும்போது வினாகிரிச் சோஸ் கடும்புளிப்பாகவே இருக்கும். இறைச்சியுடன் கலந்தபின் அப்புளிப்பு அடங்கும். மாறாக, தனியே இனிக்கும் சோஸ் இரண்டு கவளத்தின் பின் திகட்டும். ஆகவே, ஒரு பிடி இளஞ்சூடான இறைச்சியிற் கலந்தே சோதித்தல் வேண்டும். கொழுப்பு மிகுந்திருப்பின் வினாகிரிச் சோஸும், கொழுப்புக் குறைந்து சற்று உலர்ந்திருப்பின் லெக்சிங்ரன் முறையும் நன்று. சிறுபிள்ளைகள் உண்ணும் வீடாயின் மிளகாயைக் குறைத்துக் கடுகுச் சோஸைத் தேன் சேர்த்துச் செய்யலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் செய்ய நேரமுள்ளவர் வினாகிரிச் சோஸையே செய்க.

அதற்கு வேண்டியன: வினாகிரி 2 கோப்பை, உப்பு 1 மேசைக்கரண்டி, இடித்த செத்தல் மிளகாய் 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, விரும்பினாற் சீனி 1 மேசைக்கரண்டி. உப்புஞ் சீனியுங் கரையும்வரை வினாகிரியை இளஞ்சூடாக்கினாற் போதும். கொதிக்கவிடின் மணம் ஆவியாகிவிடும். பின்னர் மற்றவற்றைக் கலந்து போத்தலில் இட்டு ஒரு நாள் வைத்திருத்தல் வேண்டும். மிளகாயின் காரம் வினாகிரியில் இறங்குவதற்கு அக்காலம் தேவை; எனவே இறைச்சியை அடுப்பேற்றும் நாளுக்கு முன்னரே இதனைச் செய்து வைத்தல் அவசியம். லெக்சிங்ரன் முறைக்கு வினாகிரி ஒன்றரைக் கோப்பை, தக்காளிச் சோஸும் நீரும் அரைக்கோப்பை வீதம், சீனி 2 மேசைக்கரண்டி எனக் கொள்க. உப்பும் மிளகாயும் முன்கூறியவாறே.

அமெரிக்கர் அப்பிள் பழத்திலிருந்து எடுத்த வினாகிரியைப் பயன்படுத்துவர். தென்னங்கள்ளில் எடுக்கும் நம் நாட்டு வினாகிரியும் இதற்கு உதவும். நூற்றுக்கு 5 வீதம் அசற்றிக்கமிலம் உள்ளதாயிருத்தல் நன்று. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்தே நம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த பயிர்.

கடுகுச் சோஸ் செய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அமெரிக்கர் எடுப்பது வெண்கடுகு. நம் வீடுகளிலுள்ள சிறிய கருங்கடுகு அதனினும் காரமானது. கடுகைக் குளிர்நீர் விட்டு அரைத்தாற்றான் காரம் பிறக்கும். பத்து நிமிடம் கழித்து வினாகிரி சேர்த்தால் அக்காரம் நிலைக்கும். வெந்நீர் விட்டால் காரம் பிறவாது, கசப்பே மிஞ்சும்.

தவிர்க்கவேண்டியவை

பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகிய பாத்திரங்களில் வினாகிரியை வைத்தலாகாது. அமிலம் உலோகத்தை அரித்து உணவிற் கலக்கும். இனாமல், கண்ணாடி, துருப்பிடியா உருக்கு ஆகியவை ஏற்றவை. சீனி சேர்ந்த சோஸைத் தணலின் மேலுள்ள இறைச்சியில் ஆரம்பத்திலேயே பூசினால் அது கருகிக் கசக்கும். இறுதி அரைமணித்தியாலத்திற் பூசுதல் போதுமானது. வேகாத இறைச்சியின்மேற் பூசப் பயன்பட்ட சோஸின் மிச்சத்தை ஒருபோதும் உணவு மேசைக்குக் கொண்டுவரலாகாது. பூசுவதற்கு வேறாகவும் உண்பதற்கு வேறாகவும் முன்பே பிரித்து வைத்தல் வேண்டும்.

8 இறாத்தல் பச்சையிறைச்சி வெந்து எலும்பு நீங்கியபின் 4 முதல் 5 இறாத்தலே தேறும். அதற்கு ஒரு கோப்பைச் சோஸ் கலந்து, எஞ்சியதை உண்போர் விருப்பப்படி ஊற்றிக்கொள்ளப் பக்கத்தில் வைக்கலாம். சூடாறுமுன் கலந்தால் நன்கு ஊறும். வினாகிரிச் சோஸ் மூடிய போத்தலிற் பல வாரங்கள் கெடாதிருக்கும். அலபாமா மாநிலத்தின் டெக்கேற்றர் நகரில் 1925 ஆம் ஆண்டு தோன்றிய வெண்சோஸ் முட்டையும் எண்ணெயுஞ் சேர்ந்த மயோனேஸினாற் செய்யப்படுவது. வீட்டிற் பச்சை முட்டை கொண்டு அதனைச் செய்தாற் குளிரூட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுதல் வேண்டும். குளிரூட்டி இல்லாத வீட்டில் அதனைச் செய்யாதிருப்பதே தக்கது. பிய்த்த இறைச்சியை வெளியில் இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் ஆறவிடாது குளிரில் வைத்து, மறுநாள் சிறிது வினாகிரிச் சோஸ் தெளித்து மூடி, 165 பாகை பரனைற்று வரை சூடாக்கி உண்ணலாம்.