ராஸ் தீவில் ஒரு பகல்

அந்தமான் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது செல்லுலார் சிறைச்சாலை. அச்சிறையின் மேல்மாடியில் நின்று கிழக்கே நோக்கினால், கடல் நடுவே பச்சைத் திட்டு ஒன்று தெரியும். அதுவே ராஸ் தீவு. 2018ஆம் ஆண்டில் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேர் நகரமும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. நடந்த வரலாற்றைச் சொல்ல வந்த கட்டுரை இது. ஆதலால் பழைய பெயர்களையே இங்கு ஆளுகின்றேன்.

சென்ற குளிர்கால விடுமுறையில் நம் சங்கத்து மாணவர் பன்னிருவர் அங்குச் சென்று வந்தோம். இவ்வாண்டும் சிலர் புறப்பட எண்ணியிருப்பதாக அறிகிறேன். அவர்களுக்குப் பயன்படுமாறு, எப்படிச் செல்வது, என்ன காண்பது என்பதையும், அவற்றைக் காட்டிலும் முக்கியமாக, அங்கே என்ன கேட்பது என்பதையும் எழுதலாம் என்று தோன்றியது.

படகும் வழிகாட்டியும்

நகரின் அபர்டீன் படகுத்துறைக்கு அருகிலிருந்து ராஸ் தீவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. தனித்தும் செல்லலாம், ராஸ் தீவையும் வடக்கு விரிகுடாவையும் ஒரே நாளில் காட்டி அழைத்துவரும் குழுவோடு சேர்ந்தும் செல்லலாம். நாங்கள் இரண்டாவது வழியை மேற்கொண்டோம். சீட்டு வாங்கும்போது அடையாள அட்டையைக் கேட்டார்கள். மிதவைச் சட்டையை அணிந்துகொண்ட பிறகுதான் படகில் ஏற்றினார்கள். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணமே. கடல் அமைதியாயிருந்தால் அலுப்புத் தெரியாது. காற்று எழுந்துவிட்டால் படகு விடமாட்டார்கள். ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முதல் நாள் என்று வைத்துக்கொள்ளாமல், சென்ற மறுநாளே ராஸ் தீவைப் பார்த்துவிடுவது நல்லது. தீவில் விடுமுறை நாள் எது என்பதையும் துறையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அவ்வூரில் ‘லோக்கல் பார்ன்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. நாடு கடத்தப்பட்ட கைதிகளின் வழியில் வந்து, தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பெயர். நம் வழிகாட்டி அத்தகையவர். தாய்மொழியாக இந்தி பேசுபவர். அபர்டீன் கடைத்தெருவில் பழகிக் கற்ற தமிழும் தாராளமாகப் பேசினார்.

இடிபாடுகள்

1858ஆம் ஆண்டு முதல் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தமான் கைதிக் குடியேற்றத்தின் தலைமையிடம் இச்சிறு தீவுதான். தலைமை ஆணையரின் மாளிகை, மாதா கோயில், நீச்சற்குளம், டென்னிஸ் ஆடுகளம், ரொட்டிக் கிடங்கு, அச்சகம், மின்நிலையம், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை, கல்லறைத் தோட்டம் எல்லாம் இங்கே இருந்தன. இத்தனையும் கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. ‘கிழக்கின் பாரிஸ்’ என்று வெள்ளையர் இதற்குச் செல்லப் பெயர் இட்டிருந்தனராம்.

இன்று மாளிகைக்குக் கூரையில்லை. மாதா கோயிலின் சுவரை ஆலமரத்தின் வேர்கள் விழுதுகளோடு பின்னிப் பிடித்திருக்கின்றன. சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்வது கடினம். புள்ளிமான்களும் மயில்களும் அச்சமின்றித் திரிகின்றன. படம் எடுப்போர் கூட்டம் இங்கேதான் மிகுதி. 1941 ஜூன் 26ஆம் நாள் நேர்ந்த பெரிய நிலநடுக்கம் இக்கட்டடங்களைக் குலைத்தது. அதன்பின் தலைமையிடம் போர்ட் பிளேருக்குப் பெயர்ந்தது. சில மாதங்களில் போரும் வந்தது.

தீவின் இன்னொரு வகைக் கட்டடங்களைப் பெரும்பாலோர் நின்று பார்ப்பதில்லை. கரையோரத்தில் தரையோடு தரையாய்ப் பதிந்து, கனத்த கான்கிரீட்டால் கட்டப்பட்டு, கடலை நோக்கி ஒரு சிறு திறப்பு மட்டும் உள்ள காவல் அரண்கள் அவை. ஆங்கிலேயர் கட்டியவை அல்ல, ஜப்பானியர் கட்டியவை. “இது ஜப்பான் பங்கர்” என்று வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டு மான்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். நாங்கள் அங்கேயே நின்று, யார் கட்டினார்கள், எவர் கையால் கட்டினார்கள் என்று கேட்டோம்.

அவர் திரும்பி வந்தார். “கேட்டால் சொல்வேன், தம்பி. படகு ஒன்றரை மணி நேரந்தான் நிற்கும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் மானைத்தான் கேட்கிறார்கள்” என்றார். அவருடைய பாட்டனார், ஜப்பானியர் காலத்தில் விமானத் தளம் அமைக்கும் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவராம். கூலி கிடையாது, வேலைக்கு வராதவர்க்கு அடி உண்டு.

இத்தீவுகளை ஏன் பிடித்தனர்?

ஜப்பானியர் இங்கு ஏன் வந்தனர் என்பதை வரைபடம் ஒன்றை விரித்துப் பார்த்தால் எளிதில் அறியலாம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்குப் படையும் பண்டமும் செல்லும் கடல்வழியின் மேற்குப் பக்கத்தில் அந்தமான் தீவுகள் வேலிபோல் நீண்டு கிடக்கின்றன. அவ்வேலி பகைவர் கையில் இருக்கும்வரை வழி பாதுகாப்பாக இராது. அதனோடு, வங்கக் கடலை வேவு பார்க்கும் கடல் விமானங்களுக்கும் போர்ட் பிளேர் ஏற்ற தளம். துறைமுக வாயிலில் நிற்கும் ராஸ் தீவை யார் வைத்திருக்கிறாரோ, அவரே துறைமுகத்துக்குக் காவலர். அரண்களின் கண்கள் கடலை நோக்கியிருப்பதன் காரணம் இதுவே.

காக்க இயலாதென்று கண்டு ஆங்கிலேயர் தம் படையை முன்னமே விலக்கிக்கொண்டனர். 1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியர் எதிர்ப்பின்றிக் கரையிறங்கினர். இரண்டே நாளில் முதற் கொடுமை நிகழ்ந்தது. ஊருக்குள் புகுந்த வீரர்களை விரட்டக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஜுல்பிகர் அலி என்ற இளைஞரை ஊரார் கண்முன்னே கொன்றனர். அத்துப்பாக்கியால் எவருக்கும் காயம் ஏற்படவில்லை.

கொடியும் சிறையும்

இனி நாம் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்ச்சிக்கு வருவோம். 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு அமைந்தது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை அவ்வரசிடம் ஒப்படைப்பதாக நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ அறிவித்தார். டிசம்பர் 29ஆம் நாள் நேதாஜி போர்ட் பிளேரில் வந்திறங்கினார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயரிட்டார். செல்லுலார் சிறைச்சாலையையும் பார்வையிட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ ஆயிரம் தமிழ்த் தொழிலாளர் அவர் படையிற் சேர்ந்தவர்கள். அக்கொடியின் கதையைக் கேட்கும்போது நமக்கு மெய்சிலிர்ப்பது இயற்கையே.

ஆனால் அதே நாளில் அதே சிறையில் யார் இருந்தார்? மருத்துவர் திவான் சிங் இருந்தார். அவர் பஞ்சாபிக் கவிஞர். போர்ட் பிளேரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவர். அதாவது நேதாஜியின் இயக்கத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலேயரின் ஒற்றர் என்று ஐயுற்று 1943 அக்டோபரில் ஜப்பானியர் அவரைச் சிறையிட்டுச் சித்திரவதை செய்தனர். கொடி ஏறிய பதினைந்தாம் நாள், 1944 ஜனவரி 14இல், அவர் உயிர் நீத்தார். ஜனவரி 30ஆம் நாள் நகருக்குத் தெற்கேயுள்ள ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் மேலும் ஒற்றர் என்ற பழியே. அவர்களிலும் பலர் அச்சங்கத்தின் உறுப்பினர்.

ஒற்றர் வேலை உண்மையில் நடந்தது. போருக்கு முன் அத்தீவில் காவல்துறை அதிகாரியாயிருந்த மக்கார்த்தி என்ற ஆங்கிலேயர், 1943 தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் இரகசியமாக வந்திறங்கி, காட்டில் ஒளிந்திருந்து செய்தி திரட்டினார். பின்னும் அத்தகைய குழுக்கள் வந்தன. தம் கப்பல்கள் தாக்கப்படும்போதெல்லாம் ஜப்பானியருக்கு ஐயம் உள்ளூரார் மேலேயே விழுந்தது. எங்கோ காட்டில் இருந்தவர் அனுப்பிய செய்திக்கு ஊரில் இருந்தவர் உயிரைக் கொடுத்தனர்.

நேதாஜிக்கு இவை தெரியுமா என்று வினவுவீர்கள். வரலாற்று ஆசிரியர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. தங்கியிருந்த நாட்களில் ஜப்பானிய அதிகாரிகள் அவரைச் சூழ்ந்தே இருந்தனர்; ஊரார் அவரைத் தனித்துக் கண்டு பேச வழியிருக்கவில்லை. அவர்மேல் குற்றஞ் சாட்டுவது என் நோக்கமன்று. கொடியேற்றிய கதையை மட்டும் சொல்லிச் சிறையிலிருந்தவர் கதையை விட்டுவிட்டால், இறந்தவர்களும் அக்கொடிக்கு உரியவர்களே என்பதை மறந்தவர்களாவோம். இதுவே நான் வலியுறுத்த விரும்புவது.

ஆளுநர் லோகநாதன்

தமிழ் மாணவர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. ஆசாத் ஹிந்த் அரசு அந்தமானுக்கு ஆளுநராக அனுப்பியவர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். படை மருத்துவராயிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். இதைக் கேட்டவுடன் எங்கள் குழுவில் ஒருவர், “தமிழர் ஆண்ட தீவு!” என்று கைதட்டினார்.

அவர் எதை ஆண்டார்? 1944 பிப்ரவரியில் அவர் வந்தபோது ஹம்ப்ரிகஞ்சுப் படுகொலை நடந்து முடிந்திருந்தது. ஜப்பானியக் கடற்படை அவர் கையில் விட்டது கல்வித் துறை ஒன்றைத்தான். காவல்துறையை ஒப்படைத்தாலன்றி மற்றத் துறைகளை ஏற்பதில்லை என்று அவர் நின்றார். காவல்துறையைக் கடைசிவரை கொடுக்கவில்லை. உடல்நலமும் கெட்டு, அவ்வாண்டே அவர் தீவை விட்டுச் சென்றார். நம்மவர் ஒருவர் அப்பதவியில் இருந்தார் என்று மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் பதவிப் பெயரைக் காட்டிலும் பெரிது, எந்த அதிகாரம் இல்லாவிட்டால் ஆட்சி வெறும் பெயராகும் என்பதை அவர் அறிந்திருந்தது. பெருமைப்படுவதானால் அதற்காகப் பெருமைப்படுவோம்.

அதன்பின் தீவுகளைப் பஞ்சம் சூழ்ந்தது. கப்பல் வரத்து நின்றது. மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை உண்டு காலந்தள்ளினர். 1945 ஆகஸ்டில், உணவைச் சேமிக்கும் பொருட்டு, நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றிச் சென்று ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினர். கரையேறியவர்களும் பெரும்பாலோர் பட்டினியால் மாண்டனர். போர் முடிந்து, அக்டோபரில் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் சரணடைந்தனர். அன்று கடலில் தள்ளப்பட்டோர் ஒதுங்கிய ஹேவ்லாக்கின் இன்றைய பெயர் ஸ்வராஜ் தீவு. அழகிய கடற்கரைக்காகப் பயணிகள் திரள்கின்றனர்.

செல்லும் நண்பர்களுக்கு

ராஸ் தீவை அவசியம் பாருங்கள். காலைப் படகிலேயே செல்லுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். முதலில் கரையோர அரண்களைப் பாருங்கள். மாளிகையும் மாதா கோயிலும் அடுத்தபடி ஆகட்டும். மான்கள் எங்கும் போய்விடமாட்டா. அரணின் முன் நின்று, இதைக் கட்டியவர் யார் என்று வழிகாட்டியைக் கேளுங்கள். கேட்டவர்க்குச் சொல்ல அவர்களிடம் நிறையவே இருக்கிறது. அவர்களுக்கு அது குடும்பக் கதை.

மறுநாள் அரைநாள் ஒதுக்கி ஹம்ப்ரிகஞ்சு நினைவிடத்துக்கும் போய் வாருங்கள். அங்கே படகும் இல்லை, மானும் இல்லை. பயணக் குழுக்கள் பெரும்பாலும் அங்கு அழைத்துச் செல்வதில்லை. வாடகை வண்டி பேசிக்கொண்டுதான் போகவேண்டும். நாங்கள் சென்றபோது வேறு ஒருவரும் இல்லை. அடுத்துச் செல்கிறவர்கள் அங்கே நம் சங்கத்தின் சார்பில் ஒரு மாலை வைத்து வருவார்களாயின், அந்தச் செலவைச் சங்கம் ஏற்கவேண்டுமென்று செயற்குழுவை இக்கட்டுரை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.