செம்மண் சடக்குக்கும் கவசம் வேண்டும்

தோட்டத்துப் பெற்றோர்களே! பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளானுக்கோ மோட்டார் சைக்கிளில் புறப்படும்போது நாம் மறவாமல் தலைக்கவசம் அணிகிறோம். பெரிய சாலையில் போலீஸ்காரர் நிற்பாரே! ஆனால் லயத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குப் போகும்போது அதே கவசம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. "மண் சடக்கில் எவன் சார் பிடிக்கப் போகிறான்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பிடிப்பவனைப் பற்றிய பேச்சா இது?

மழை பெய்தால் செம்மண் வழுக்கும். காய்ந்தால் சரளைக்கல் டயருக்கடியில் உருளும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை உண்டு. இங்கோ குலை ஏற்றும் லாரியும் நாமும் ஒரே தடத்தில். மெதுவாகத்தானே போகிறோம் என்பீர்கள். ஐந்தடி உயரத்திலிருந்து விழும் தலை, தரையில் மோதும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வண்டியின் வேகம் இக்கணக்கில் சேரவில்லை.

1935இல் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவர் விழுந்தது நாட்டுப்புறச் சாலையில், தலையில் கவசமில்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ், பிறகு தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர்காக்கும் என்று 1941இல் எழுதினார். நம் நாட்டில் 1973இல்தான் அது சட்டமானது.

கவசம் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். சிரிம் முத்திரையைப் பாருங்கள். தலையில் மாட்டி, வாரைக் கட்டி, பின்புறத்திலிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கு ஆகாது. அடியைத் தாங்குவது உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு. ஒரு முறை பலமாக அடிபட்டால் அது நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. ஆகவே பழைய கவசத்தை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். குலை வெட்டுவோர் அணியும் வேலைத் தொப்பியோடு வண்டி ஓட்டுகிறார்களே, அது மேலிருந்து விழும் பொருளுக்கானது. வண்டியிலிருந்து விழுகிறவருக்கு அது உதவாது. கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். செம்பனை நிழலில் பள்ளம் தெரியாது.

காட்டுவழிப் பந்தயக்காரர்கள் மார்புக்கவசம், முழங்கால் காப்பு, முழங்கால்வரை பூட்ஸ் எல்லாம் அணிகிறார்கள். நம் சம்பளத்தில் அத்தனையும் முடியுமா? தலைக்கு அடுத்து காலைக் கவனியுங்கள். சிலிப்பரோடு ஓட்டுவதுதான் நம்மவர்களின் பெரிய குறை. ரப்பர் பூட்ஸ் அதைவிட மேல். ஆனால் கணுக்கால் மடங்குவதைத் தடுக்காது. கணுக்காலுக்கு மேல்வரை கட்டும் தோல் பூட்ஸே நல்லது. கயிற்று முனையை உள்ளே செருகுங்கள். விழும்போது எல்லோரும் கையைத்தான் முதலில் ஊன்றுகிறோம். உள்ளங்கை கிழிந்தால் பால்வெட்டுக்கோ குலைவெட்டுக்கோ எப்படிப் போவது? தோல் கையுறை அதற்குத்தான். நம் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டினாலும் சரி, கை மணிக்கட்டுவரை மூடட்டும். பின்னால் உட்காரும் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், சங்கிலி இழுத்துவிடும்.

பள்ளி வாசலில் தினமும் பார்க்கிறேன். அப்பாவின் கவசம் பிள்ளையின் தலையில் குடம்போல் ஆடுகிறது. இரு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறான். அப்படியானால் வண்டியை எந்தக் கையால் பிடிப்பான்? சிறுவர் அளவுக் கவசம் தனியாக விற்கிறது. கடைக்குப் பிள்ளையையும் அழைத்துப்போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.