உஷார்! அது திமிர் இல்லை

பிள்ளை இரண்டு வாரமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டே கிடக்கிறதா? தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறதா? இதைப் படித்ததும் எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்.

மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில், பதினேழு வயதில், அந்தக் கதவுக்குள் கிடந்தவள் நான். எஸ்.பி.எம். தேர்வு ஆண்டு. பள்ளி பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே வயிற்றைக் கலக்கும், நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும். மாரடைப்பு என்றே பயந்தேன். அது மனப்பதற்றம் என்று சொல்ல ஆளில்லை. பிறகு அழுகைகூட வராத ஒரு வெறுமை. தலை வாரக்கூடக் கை எழவில்லை. வீட்டில் அதற்கு வைத்த பெயர் திமிர். "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்றார் அத்தை. அம்மா கட்டினார். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். பயந்துபோன தாய்க்குத் தெரிந்த வழி அது. கயிற்றோடு நின்றுவிட்டதுதான் ஆபத்து. ஐந்து மாதம் வீணாயிற்று.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2022இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வின்படி, பதின்ம வயது மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு. எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. நாற்பது பேர் வகுப்பென்றால் ஐந்து பிள்ளைகள்!

இந்த வயதில் மனச்சோர்வு கண்ணீராகத்தான் வரும் என்றில்லை. எரிச்சலாக வரும், எதிர்ப்பேச்சாக வரும், காரணம் தெரியாத தலைவலியாக வரும். உயிராக நினைத்த பந்தாட்டத்தை விட்டுவிடுவான். விடிய விடிய விழித்திருப்பாள். "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னால், ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது எடுத்துக் கொடுத்தால், அதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். பல வாரம் துடித்த பிள்ளை ஒரு நாள் திடீரென்று அமைதியானால் "தெளிஞ்சிட்டா" என்று நம்பியும் விடாதீர்கள். அன்றுதான் கூடவே இருக்க வேண்டும்.

நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. என் அம்மா கேட்ட இரவில்தான் எனக்கு மூச்சே வந்தது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். மருந்து மாத்திரை, தோட்டத்து விஷம் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று இன்னும் பல வீடுகளில் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்றிருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. இன்று அது குற்றமில்லை. தைரியமாகக் கூட்டிப் போங்கள்.

முதலில் அரசாங்க கிளினிக். கட்டணம் ஒரு வெள்ளி. டாக்டர் தேவையென்று கருதினால் மலாக்கா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன். மறுபடியும் படுக்கையில் விழுந்தேன்.

நள்ளிரவானாலும் கூப்பிடலாம்: தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு ஆபத்தென்றால் 999. இப்போதே போனில் பதிந்து வையுங்கள், பிள்ளையின் போனிலும்.