டாமல்பயஸ் மலையின் சைக்கிள்காரர்கள்

சான் பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் மரின் மாவட்டம் வருகிறது. அங்கே 784 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது டாமல்பயஸ் மலை. உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் ‘டாம்’. மலையைச் சுற்றி ஃபேர்ஃபேக்ஸ், சான் அன்செல்மோ, லார்க்ஸ்பர், மில் வேலி என்று சின்னச் சின்ன ஊர்கள். இன்று உலகம் முழுவதும் மவுண்டன் பைக் என்ற பெயரில் விற்கும் மலைச் சைக்கிளை 1970களில் உருவாக்கியதில் இந்த ஊர்களின் இளைஞர்களுக்குத்தான் பெரும்பங்கு. அன்று தொடங்கிய சைக்கிள் கூட்டம் தலைமுறை தாண்டி இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் சைக்கிளில் போக அனுமதியுள்ள ஒற்றையடிப் பாதை அந்த மலையில் குதிரைக்கொம்பு. ஓட்டும் ஆசையால் சேர்ந்தவர்கள் ஒரு சமூகமாக நிலைத்துவிட்டதற்குப் பந்தயங்களைவிட இந்தப் பாதைத் தட்டுப்பாடுதான் பெரிய காரணம்.

தொடக்கத்தில் பாதைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. வெலோ கிளப் டாமல்பயஸ் என்ற சங்கத்தைச் சேர்ந்த சாலைப் பந்தய வீரர்கள், பயிற்சி இல்லாத நேரங்களில் பழைய சைக்கிள்களோடு மலைக்கு ஏறினார்கள். 1930களிலும் 40களிலும் ஷ்வின் கம்பெனி செய்த, பருத்த டயர் போட்ட, இருபது கிலோவுக்குக் குறையாத வண்டிகள் அவை. பழைய சாமான் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும். மட்கார்டு, ஸ்டாண்டு, சங்கிலிப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தீயணைப்பு வண்டிகள் போவதற்காக வெட்டிய மண்சாலைகளில் இறக்கி ஓட்டினார்கள். தடதடவென்று ஓடும் இந்த வண்டிகளுக்கு ‘க்ளங்கர்’ என்று பெயர். 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குத் தெற்கே கூப்பர்டினோவிலிருந்து வந்த சிலர், இதே மாதிரிப் பழைய வண்டியில் கியர் மாட்டி வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு மரின் கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷர் தன் வண்டியிலும் கியர் மாட்டினார். அதுவரை மேலே தள்ளிக்கொண்டு போன வண்டியை அதன்பிறகு மிதித்தே ஏற முடிந்தது. மரின் ஒன்றுதான் இந்த விளையாட்டின் தாய்வீடு என்று சொல்வது கூப்பர்டினோவுக்கும் கொலராடோவின் க்ரெஸ்டட் பியூட்டுக்கும் செய்யும் அநியாயம். மரின் செய்தது, பல இடங்களில் முளைத்த ஒன்றைத் தொழிலாகவும் வாழ்க்கையாகவும் வளர்த்தெடுத்தது.

யார் வேகமாக இறங்குவார் என்ற சச்சரவைத் தீர்க்க 1976 அக்டோபர் 21 அன்று முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. இடம், ஃபேர்ஃபேக்ஸுக்கு மேற்கே கேஸ்கேட் பள்ளத்தாக்கில் இறங்கும் ஒரு மண்சாலை. நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் சரிவு. பெடலைப் பின்னால் அழுத்தினால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக்தான் அந்தப் பழைய வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து, பால்ரஸைத் துடைத்து, புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்ட வேண்டும். அப்படி மறுபடி அடைக்கும் வேலையை வைத்தே அந்தச் சாலைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பி, மேலேயும் கீழேயும் கடிகாரம் வைத்து நேரம் குறித்தார்கள். முதல் நாள் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். அன்று விழாமல் இறங்கியவர் அவர் ஒருவர்தான். சார்லி கெல்லி அமைப்பாளராக நின்று நடத்திய இந்தப் பந்தயம் 1984 வரை 24 முறை நடந்தது. கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடியும், பெண்களில் வெண்டி க்ராக்கின் 5 நிமிடம் 27 விநாடியும் சாதனைகளாக நிற்கின்றன. அந்தக் காலத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல படங்களில் பெரும்பாலானவையும் வெண்டி க்ராக் எடுத்தவையே. கனத்த கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வண்டிகளிலேயே மலை ஏறியவர் அவர்.

பழைய ஃபிரேம்கள் இந்த ஓட்டத்தைத் தாங்காமல் உடைந்துகொண்டே இருந்தன. 1977இல் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ், இதற்கென்றே அளவெடுத்து ஒரு ஃபிரேம் செய்தார். எல்லா உதிரிபாகமும் புதிதாகப் போட்ட முதல் மலைச் சைக்கிள் அது. அந்த வரிசையில் பத்து வண்டிகள் செய்தார். முதல் வண்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979இல் டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வாங்கி, பாகங்கள் பூட்டி விற்க ஃபிஷரும் கெல்லியும் கம்பெனி தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் ஸ்டம்ப்ஜம்பர் வண்டியைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து இறக்கியது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது: 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்.

வண்டி பெருகியதும் மலையில் இடம் போதவில்லை. டாமல்பயஸ் ஒரே கையில் இருக்கும் காடு அல்ல. ஒரு பகுதி தேசியப் பூங்காத் துறையிடம், ஒரு பகுதி மாநிலப் பூங்காவிடம், ஒரு பகுதி மாவட்டத்தின் திறந்தவெளி நிலத் துறையிடம் இருக்கிறது. வடக்குச் சரிவில் பெரும்பகுதி குடிநீர் வாரியத்தின் நீர்ப்பிடிப்பு நிலம். லகுனிடாஸ், பான் டெம்பி, ஆல்பைன் முதலிய நீர்த்தேக்கங்கள் அங்கேதான் உள்ளன; மாவட்டத்தில் பெரும்பாலோர் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. லகுனிடாஸ் ஓடையில் அருகிவரும் கோஹோ சால்மன் மீன் முட்டையிடுகிறது. சாலைகளிலிருந்தும் பாதைகளிலிருந்தும் கரைந்து வரும் மண் கூழாங்கற்களின் இடுக்கில் படிந்தால் முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும். மரங்களில் புள்ளி ஆந்தை கூடு கட்டுகிறது. பல தலைமுறைகளாக இந்தப் பாதைகளில் நடந்தவர்களும் குதிரையில் போனவர்களும், வளைவில் திடீரென்று பாய்ந்து வரும் சைக்கிளைக் கண்டு அரண்டு போனார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மிரண்ட குதிரையிலிருந்து விழுவது உயிருக்கே ஆபத்து.

1980களில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. குடிநீர் வாரிய நிலத்தில் சைக்கிளுக்கு அகலமான மண்சாலைகள் மட்டும். ஒற்றையடிப் பாதைகள் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும். மண்சாலையிலும் மணிக்கு 24 கிலோமீட்டர்தான் வரம்பு. எதிரே வருவது தெரியாத வளைவுகளில் 8. வனக்காவலர்கள் ரேடார் கருவியோடு நின்று வேகம் அளந்து அபராதச் சீட்டு எழுதினார்கள். இரவில் திருட்டுத்தனமாக ஓட்டியவர்களும், அனுமதி இல்லாமல் காட்டுக்குள் பாதை வெட்டியவர்களும் உண்டு. அவர்களால் விளைந்த கெட்ட பெயரை, விதியை மதித்து ஓட்டியவர்கள் பல ஆண்டுகள் சுமக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் இந்தக் கூட்டம் கூட்டங்களுக்குப் போகக் கற்றுக்கொண்டது. வாரிய அலுவலகத்தில் மாலைநேரப் பொதுக் கூட்டம் என்றால் சைக்கிள்காரர்கள் வேலை முடிந்து நேராக வந்து, பெயர் கொடுத்து, தங்கள் முறைக்குக் காத்திருந்து, கிடைக்கும் சில நிமிடங்களில் பேசிவிட்டுப் போவார்கள். இதற்கென்று பைசைக்கிள் டிரெயில்ஸ் கவுன்சில் ஆஃப் மரின் என்ற சங்கம் உருவானது. 1988இல் கலிபோர்னியாவின் இன்னும் நான்கு சங்கங்களோடு சேர்ந்து, சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் என்ற அமைப்புக்கு அடித்தளம் போட்டது. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும், ஈரமான பாதையில் ஓட்டித் தடம் பறிக்கக் கூடாது, மூடிய பாதையில் நுழையக் கூடாது என்று அது பரப்பிய விதிகள் இன்று பல நாடுகளில் பாதை முகப்புப் பலகைகளில் எழுதப்பட்டிருக்கின்றன. மண்ணரிப்பு பற்றிய வாதத்துக்கும் மெல்ல ஆதாரம் சேர்ந்தது. மொன்டானா மலைப்பாதைகளில் நடத்தி 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களும்தான் அதிக மண்ணைப் பெயர்க்கின்றன என்று ஆய்வாளர்கள் வில்சனும் செனியும் கண்டார்கள். இதனால் சண்டை ஓய்ந்துவிடவில்லை. பாதையைக் கெடுப்பது சைக்கிள் மட்டுமே என்று அடித்துச் சொல்வது கடினமாகிவிட்டது.

இந்தச் சமூகத்தை அருகில் பார்க்க வேண்டுமானால் பாதை வேலை நடக்கும் ஒரு சனிக்கிழமைதான் சரியான நாள். மரினில் கோடையில் மழையே கிடையாது. மண் காய்ந்து கல்லாகிவிடும். நவம்பர் முதல் மழை விழுந்து மண் பதமாக இருக்கும் மாதங்களில் வேலைக்குக் கூப்பிடுவார்கள். காலையில் வண்டிகளை நிறுத்தும் இடத்தில் காப்பி, தலைக்கவசம், கையுறை. பிறகு ஆளுக்கொரு கருவி. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து உள்ளது புலாஸ்கி. ஒரு பக்கம் தட்டையான வெட்டுத் தகடு, மறுபக்கம் தடித்த பற்கள் உள்ளது மெக்லியாட். இரண்டுமே காட்டுத்தீயை எதிர்த்தவர்களின் கையில் பிறந்தவை. மலைச்சரிவை உள்பக்கமாக வெட்டித் திண்ணைபோல ஓர் அகலம் எடுப்பார்கள். நிரப்பிய மண்மேல் பாதை போட்டால் முதல் மழையிலேயே விளிம்பு சரிந்துவிடும் என்பதால், வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தூரத் தள்ளிவிட்டு, அசையாத பூர்வீக மண்மேல்தான் பாதை. பாதை தட்டையாக இருக்காது. வெளிப்பக்கம் மிக மெல்லச் சாய்ந்திருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போய்விட வேண்டும், பாதையோடு ஓடக் கூடாது. அதற்காகவே, இறங்கிக்கொண்டிருக்கும் பாதை ஆங்காங்கே சில அடி ஏறி மறுபடி இறங்கும்படி வெட்டுகிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்குமேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது. மொத்தத்தில் நூறு அடிக்குப் பத்து அடிக்குமேல் ஏறாமலிருந்தால் நல்லது. தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கத் தெரிந்தவர்தான் அந்தக் குழுவில் மேஸ்திரி. வயதும் பந்தய வெற்றிகளும் அங்கே எடுபடாது. முதல்முறை வந்தவருக்கு மெக்லியாட்டின் தட்டைப் பக்கத்தால் மண்ணை அடித்து இறுக்கும் வேலை கிடைக்கும். வேலை முடியும்போது நாள் முழுக்க இத்தனை பேர் சேர்ந்து செய்தது சில பத்து அடிகள்தானா என்று தோன்றும். அடுத்த பெருமழைக்குப் பிறகு அதைப் போய்ப் பார்ப்பவர்கள், தாங்கள் வெட்டிய அடியைத் துல்லியமாக அடையாளம் சொல்வார்கள்.

இந்த உழைப்புக்கு நல்ல சாட்சி, ஃபேர்ஃபேக்ஸை ஒட்டியுள்ள டாமரான்சோ. சாரணர் இயக்கத்துக்குச் சொந்தமான முகாம் நிலம் அது. கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டு வாங்குபவர்கள் அங்கே ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டலாம். பாதையை வெட்டிப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்களான சைக்கிள்காரர்கள். பொது நிலத்தில் இல்லாத இடம் தனியார் நிலத்தில் கிடைத்தது இந்த ஏற்பாட்டால்தான். 2014இல் மாவட்டத் திறந்தவெளித் துறை தன் சாலைகளுக்கும் பாதைகளுக்கும் ஒரு விரிவான திட்டம் ஏற்றது. அதன்பிறகு பொது நிலத்திலும் பாதைவாரியாகப் பேசித் தீர்க்க வழி பிறந்தது.

பாதையைத் தவிர்த்துப் பார்த்தால் வாழ்க்கை மற்ற ஊர்க் கூட்டங்களைப் போலத்தான். விடியற்காலையில் வேலைக்குப் போவதற்குமுன் நாலைந்து பேராக ஒரு சுற்று. சனி ஞாயிறில் நீண்ட சவாரி. நவம்பரில் நன்றி அறிவிப்பு நாளன்று பைன் மலையைச் சுற்றி வரும் பெருஞ்சவாரி 1970களின் நடுவிலிருந்து நடந்துவருகிறது. அன்றைய விருந்துக்குப் பசி உண்டாக்கிக்கொள்ளும் சவாரி என்று அதற்குப் பெயர். யாரும் நடத்துவதில்லை, யாரும் பதிவு செய்வதில்லை; ஆனாலும் நூற்றுக்கணக்கில் வந்துவிடுகிறார்கள். ஆண்கள் கூட்டம் என்று தொடங்கிய இதில் பெண்களுக்கு இடம் செய்தவர்களில் ஜாக்கி ஃபெலன் முக்கியமானவர். 1980களில் அமெரிக்காவின் முன்னணிப் பந்தய வீராங்கனையாக இருந்த அவர், பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, இறக்கத்தில் பயப்படாமல் உடலைப் பின்னால் தள்ளி நிற்பதிலிருந்து பஞ்சர் ஒட்டுவது வரை கற்றுக்கொடுத்தார். ஃபேர்ஃபேக்ஸ் ஊரின் நடுவில் 2015இல் மரின் சைக்கிள் அருங்காட்சியகம் திறந்தது. முன்பு க்ரெஸ்டட் பியூட்டில் இருந்த மலைச் சைக்கிள் புகழ்மண்டபமும் இப்போது அங்கேதான். உள்ளூர்த் தொண்டர்கள் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். பழைய வண்டிகளைப் பற்றி விளக்கம் சொல்பவர் சில நாட்களில் ஜோ ப்ரீஸாகவே இருப்பார்.

அடுத்த தலைமுறை வருவது பள்ளி வழியாக. வளைகுடாவின் எதிர்க்கரையில் பெர்க்லி உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் மேட் ஃப்ரிட்சிங்கர் 2001இல் வட கலிபோர்னியாப் பள்ளிகளுக்கு ஒரு மலைச் சைக்கிள் லீக் தொடங்கினார். 2009இல் அது தேசிய அமைப்பானது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. மரின் பள்ளிகளும் இதில் அணி இறக்குகின்றன. தேர்வு வைத்து யாரையும் கழிப்பதில்லை. அணியில் சேர்ந்த எல்லோரும் ஓட்டலாம், ஓரத்தில் உட்காரவைக்கப்படுபவர் கிடையாது. பந்தய நாளில் அப்பா அம்மாக்கள் கூடாரம் போட்டு, சாப்பாடு செய்து, வளைவுகளில் கொடி பிடித்து நிற்கிறார்கள். மாணவர்களுக்குப் பாதை வேலையும் பாதை ஒழுக்கமும் இதிலேயே பாடமாக வருகின்றன. மணி கட்டிக்கொண்டு ஓட்டுவது, நடப்பவரைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து வணக்கம் சொல்வது எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. மணிச் சத்தம் சின்ன விஷயமாகத் தெரியலாம். வளைவுக்கு அப்பால் குதிரைமேல் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

இப்போது நடக்கும் விவாதம் மின்சார மலைச் சைக்கிளைப் பற்றியது. மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவும், மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் உதவாது என்ற வகை வண்டியைக் கலிபோர்னியாச் சட்டம் முதல் வகுப்பாகப் பிரித்திருக்கிறது. முழங்கால் தேய்ந்த மூத்தவர்களுக்கு மலை மறுபடி கைக்கெட்டியிருப்பது இதனால்தான். சைக்கிளுக்கே இடம் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு மோட்டார் இன்னும் பெரிய உறுத்தல். சைக்கிள்காரர்களுக்குள்ளேயும், போராடி வாங்கிய பாதை இதனால் பறிபோகுமோ என்று கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். எங்கே ஓட்டலாம் என்பதை அந்தந்த நிலத்தை நிர்வகிக்கும் துறைதான் முடிவு செய்கிறது. ஒரே காலைச் சவாரியில் இரண்டு மூன்று துறைகளின் எல்லையைக் கடப்பவர், ஒவ்வோர் எல்லையிலும் பலகையைப் படித்துவிட்டுத்தான் மேலே மிதிக்க வேண்டியிருக்கிறது.