திருத்தணி குருகுஹ விபக்திக் கீர்த்தனைகள்

திருத்தணி குருகுஹ விபக்திக் கீர்த்தனைகள் என்பவை கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) திருத்தணி முருகனை நினைந்து இயற்றியதாகக் கருதப்படும் எட்டு வடமொழிக் கீர்த்தனைகள் ஆகும். வடமொழியின் எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொரு பாடலாக இவை அமைந்துள்ளன. இவற்றின் முதற்பாடலே தீட்சிதரின் முதற் கீர்த்தனை என்பது மரபு. தீட்சிதர் இசையில் ஈடுபாடுடைய இரசிகர்கள் இத்தொகுதியை அதன் காலமுதன்மைக்காக மட்டும் போற்றுவதில்லை. அவரது தொழில்நுட்பம் ஏறக்குறைய முழுமையாக இதிலேயே காணப்படுகின்றது என்பது அவர்களது கருத்தாகும்.

தோற்றம்

தீட்சிதர் திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர். குடும்பம் பின்னர் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்கு இடம்பெயர்ந்து அங்கு முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. சிதம்பரநாத யோகியுடன் காசி சென்று சில ஆண்டுகள் தங்கிய முத்துசுவாமி, திரும்பி வந்த பின் திருத்தணிக்குச் சென்றார். அங்கு முதியவர் ஒருவர் அவரது வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், முருகனே அவ்வாறு வந்ததாக உணர்ந்த அவர் உடனே மாயாமாளவகௌளை இராகத்தில் "ஸ்ரீநாதாதி குருகுஹோ" எனும் பாடலைப் பாடினார் என்றும் கூறுவர். "குருகுஹ" என்பது அன்றிலிருந்து அவரது முத்திரையாயிற்று.

கற்கண்டுக் கதை இனிமையானது. எனினும் காசிக்குச் செல்லும் முன்பே தந்தையிடம் முறையாக இசையும், வீணையும், வேங்கடமகி மரபின் இராக இலக்கணமும் பயின்ற ஒருவரது பாடல் இது என்பதை அக்கதை மறைத்துவிடுகின்றது.

வேற்றுமை அமைப்பு

தமிழைப் போலவே வடமொழியிலும் எழுவாய் முதல் விளி வரை எட்டு வேற்றுமைகள் உள்ளன. முதற்பாடலில் குருகுஹன் எழுவாயாக நிற்கிறான். நான்காவதில் அச்சொல் "கு" உருபின் பொருளையும், ஐந்தாவதில் "இன்" உருபின் பொருளையும் ஏற்கின்றது. எட்டாவதில் அவன் விளிக்கப்படுகிறான். தெய்வத்தின் பெயர் மட்டுமன்றி அதனுடன் வரும் அடைமொழிகளும் அதே உருபை ஏற்பதால், ஒவ்வொரு பாடலும் முழுவதும் ஒரே வகை ஒலி முடிவுகளால் நிறைகின்றது. இரண்டாம் எழுத்து எதுகையையும் தாளத்தையும் காத்துக்கொண்டு இதைச் செய்வது எளிதன்று. திருவாரூரில் பின்னர் இயற்றிய கமலாம்பா நவாவரணம் முதலிய தொகுதிகளிலும் தீட்சிதர் இம்முறையையே கையாண்டார்.

இராகங்கள்

வேற்றுமை வரிசைப்படி எட்டு இராகங்களும் மாயாமாளவகௌளை, ஆனந்தபைரவி, பாடி, சாமா, பலஹம்சா, பூர்வி, பானுமதி, உதயரவிசந்திரிகா என்பனவாகும். இவற்றுள் மாயாமாளவகௌளை, பாடி, பூர்வி ஆகிய மூன்றும் ஒரே மேளத்தைச் சேர்ந்தவை. சுரங்கள் பொதுவானவையாக இருந்தும், கேட்பவர் ஒன்றை மற்றொன்றாக மயங்குவதில்லை. பாடி மேலேறும்போது காந்தாரத்தையும் தைவதத்தையும் விட்டுவிட்டுச் செல்கின்றது. தொடக்க மாணவர்களின் சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையிலோ சுரங்கள் நேராக வருகின்றன. இராகம் என்பது சுரப்பட்டியல் அன்று, சுரங்கள் நடக்கும் நடையே இராகம் என்பதை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இம்மூன்று பாடல்களை விடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

முதற்பாடலில் இராகத்தின் பெயரும் பொதிந்துள்ளது. மாயா, மாளவ, கௌள என்ற சொற்கள் பல தேசத்து மன்னர்களால் வணங்கப்படும் திருவடி என்ற பொருளில் வருகின்றன. இராகப் பெயரை வலிந்து செருகாமல் பாடலின் பொருளுக்குள்ளேயே அமைத்தல் இரசிகர்கள் பெரிதும் வியக்கும் திறமை ஆகும்.

இவை பெரும்பாலும் மெதுவான காலத்தில், வீணையில் தந்தியை இழுத்து எழுப்பும் கமகங்களுக்கு இடம்விட்டுச் செல்பவை. இதற்கு நேர்மாறானது தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியம். மணலி வாழ்க்கையின்போது புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் கேட்டதன் பயனாக, மேலை மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சொற்களை அமைத்தார். பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்த "சந்ததம் பாஹிமாம்" அவற்றுள் ஒன்று. அங்கு கமகமே இல்லை. இரு வகையையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒரே செவி இரு இசைகளையும் எவ்வளவு துல்லியமாகப் பிரித்தறிந்தது என்பதை உணரலாம்.

கடினம் என்ற குறை

தியாகராசர் பாடல்களைத் திராட்சைக்கும், சியாமா சாத்திரிகள் பாடல்களை வாழைப்பழத்துக்கும், தீட்சிதர் பாடல்களைத் தேங்காய்க்கும் ஒப்பிடுவது வழக்கம். ஓட்டை உடைத்தால்தான் சுவை கிட்டும் என்பது இதன் பொருள். வடமொழிச் சொற்செறிவு தமிழ்க் கேட்போருக்கு ஒரு தடையே. 1940களில் தமிழிசை இயக்கம் எழுப்பிய கேள்வி இங்கு நியாயமானது. ஏனெனில் இதே மலைக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் உள்ளது. ஆங்கிலப் புத்தாண்டையொட்டி 365 படிகளிலும் நிகழும் திருப்படித் திருவிழாவில் ஒலிப்பதும் திருப்புகழே. விபக்திக் கீர்த்தனைகளோ பெரும்பாலும் கச்சேரி மேடையிலும் வீணை வகுப்பிலும் வாழ்கின்றன.

பாதுகாப்பு

இப்பாடல்கள் இன்று கிடைப்பதற்கு முதன்மைக் காரணம் 1904 இல் எட்டயபுரத்தில் வெளியான "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" எனும் நூல் ஆகும். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் பேரனான சுப்பராம தீட்சிதர், குடும்ப வழியில் வந்தவற்றைக் கமகக் குறியீடுகளுடன் தெலுங்கு எழுத்தில் இதில் பதிப்பித்தார். (1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவாரூர்க்காரர், வடமொழிப் பாடல், தெலுங்கு அச்சு, தமிழர் போராடிப் பெற்ற மலை என இத்தொகுதியை எந்த எல்லைக் கோட்டுக்குள்ளும் அடக்குவது கடினம்.) சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதரிடம் நீதிபதி தி. ல. வெங்கடராம ஐயரும் டி. கே. பட்டம்மாளும் பயின்று, தீட்சிதர் கீர்த்தனைகளை மேடைக்குக் கொண்டுவந்தனர்.

எட்டுப் பாடல்களும் சமமாகப் புழங்கவில்லை. "ஸ்ரீநாதாதி" பரவலாகப் பாடப்படுகின்றது. பானுமதியில் அமைந்த ஏழாவது பாடலைக் கேட்பது அரிது. எட்டாவதான "ஸ்ரீ குருகுஹ மூர்த்தே" பாடப்படும் உதயரவிசந்திரிகா இன்று பலரது குரலில் சுத்த தன்யாசியிலிருந்து வேறுபடுவதில்லை. இரண்டும் வெவ்வேறு இராகங்களா என்பது குறித்துப் பாடகர்களும் இரசிகர்களும் இன்னும் வாதிடுகின்றனர். வாதிடுவோர் இறுதியில் 1904 ஆம் ஆண்டு நூலின் சுரக் குறிப்பையே புரட்டிப் பார்க்கின்றனர்.