நிலக்கரிச் சுரங்கத்து மண்மலைகள்

நாக்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் அன்பர்கள், வண்டி மாஜ்ரி, சந்திரபூர் பக்கம் போகும்போது தட்டையான தலையுடைய குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. திறந்தவெளிச் சுரங்கங்களில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் வெட்டியெடுத்துக் கொட்டியதால் உண்டானவை. சுரங்கத்தில் இந்த மண்ணை 'ஓ.பி.' என்போம், ஓவர்பர்டன் என்பதன் சுருக்கம். சர்வேயராகப் பல ஆண்டுகள் இவற்றை அளந்தவன் என்ற முறையில், இவை எப்படி நிற்கின்றன, ஏன் சரிகின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முறத்தில் அரிசியைக் கொட்டிப் பாருங்கள். குவியல் ஒரு சாய்வுக்கு மேல் செங்குத்தாக நிற்காது. மேலும் கொட்டினால் ஓரத்தில் வழிந்துவிடும். மண்ணுக்கும் அப்படி ஓர் இயல்பான சாய்வு உண்டு. நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி, மண்மேட்டின் சாய்வு எக்காரணம் கொண்டும் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. உயரம் 30 மீட்டருக்கு மேல் போனால் படிப்படியாக அமைக்க வேண்டும்.

சாய்வு சரியாக இருந்தாலும் மண்மேட்டுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. முதலாவது தண்ணீர். மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் மேடு நிற்கிறது. இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பினால் பாரத்தின் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்கிறது. துகள்களின் பிடி தளர்கிறது. இரண்டாவது, அடித்தளம். நம் விதர்பாவின் கரிசல் மண்ணை எல்லோரும் அறிவோம். கோடையில் வெடிக்கும், மழையில் வழுக்கும். அதை அகற்றாமல் அதன்மேல் லட்சக்கணக்கான டன் மண்ணைக் கொட்டினால், மேடு முழுவதும் அடியோடு நகரக்கூடும்.

வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நடந்ததை உலகம் மறக்கவில்லை. அங்கே மலைச்சரிவில், ஊற்றுகள் இருந்த இடத்தின் மேலேயே சுரங்கக் கழிவைக் குவித்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலையில், மழையில் ஊறிய அந்தக் குவியல் குழம்பாகி இறங்கி ஒரு தொடக்கப்பள்ளியை மூடியது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டார்கள். நம் நாட்டில், ஜார்க்கண்ட் மாநிலம் கோட்டா மாவட்டத்து ராஜ்மஹால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று மண்மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தது குழியின் உள்ளே, மேட்டின் கீழே.

ஒரு மேடு நிலையானதா என்று எப்படி அறிவது? மேட்டிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் மண் மாதிரி எடுத்து, அதன் ஒட்டுந்தன்மையையும் உராய்வையும் ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். பிறகு சரியவிடாமல் பிடித்து நிறுத்தும் விசையை, சரியத் தூண்டும் விசையால் வகுப்பார்கள். விடை ஒன்றுக்குக் கீழே என்றால் மேடு நிற்காது. ஆகவே 1.3, 1.5 என்று கொஞ்சம் மிச்சம் வைத்தே வடிவமைப்பது வழக்கம்.

ஆனால் கணக்கு காகிதத்தில் நிற்கும். மேடோ மழையில் நிற்கிறது. எனவே தினசரி கண்காணிப்பு அவசியம். உச்சியில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடுகிறதா? அடிவாரம் வெளியே பிதுங்குகிறதா? புதிதாக எங்காவது நீர் கசிகிறதா? வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை டேப்பால் அளப்பதே எளிய முறை. மேட்டின் மேல் பிரிசம் பதித்து, தூரத்திலிருந்து டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அதன் நகர்வை அளக்கலாம். குழாய் இறக்கி உள்ளே நீர்மட்டம் பார்க்கலாம். பெரிய சுரங்கங்களில் ரேடார் கருவி, இரவு பகலாகச் சரிவைப் பார்த்து, மில்லிமீட்டர் அளவு நகர்வையும் காட்டிவிடுகிறது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. மொத்தம் எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட, வேகம் கூடுகிறதா என்பதே கேள்வி. நேற்று 2 மில்லிமீட்டர், இன்று 5, நாளை 12 என்று போனால் விவாதிக்க நேரமில்லை. ஆட்களையும் இயந்திரங்களையும் உடனே வெளியேற்ற வேண்டும். அன்றைய உற்பத்தி குறையும் என்று தயங்குகிற மேலாளருக்கு அந்த மூன்று எண்களைக் காட்டுவதுதான் சர்வேயரின் கடமை.

சுரங்க ஊர்களில் வசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் குழந்தைகள் இந்த மேடுகளில் ஏறுவதைப் பார்க்கிறோம். மழை நாட்களிலாவது அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். மேட்டின் மேல் புதிய வெடிப்பு தென்பட்டால், அன்றே சுரங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள்.