பெருந்தொற்றுக் காலத்தில் மனம் பட்ட காயம்

கொள்ளைநோய் பரவும்போது பயமும் கூடவே பரவுகிறது. அளவோடு இருக்கும் பயம் கை கழுவவும் முகக்கவசம் அணியவும் வைக்கிறது. அளவு மீறிய பயம் நோயாளியையே எதிரியாகப் பார்க்க வைக்கிறது. 2020, 2021 கொரோனா அலைகளில் சென்னை இரண்டையும் கண்டது.

ஒதுக்கல்

தொற்று உறுதியானவர்களின் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. பல தெருக்களில் தகரம் அடித்து வழி மறிக்கப்பட்டது. பரவலைத் தடுக்கவே இது செய்யப்பட்டது என்றாலும், அக்கம்பக்கத்தார் பார்வையில் அந்தக் குடும்பம் குற்றவாளியானது. இப்படிப்பட்ட அவமானத்துக்கு அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார், பரிசோதனையைத் தள்ளிப்போடுவார். உரிய அதிகாரியின் உத்தரவின்றி வீடுகளில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஒதுக்கலின் உச்சம் 2020 ஏப்ரல் 19 அன்று நடந்தது. கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் தம் கையாலேயே மண் தள்ளி அடக்கத்தை முடித்தார். மூன்று நாள்களில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசும் அவசரச் சட்டம் பிறப்பித்தது.

தனிமையும் வருமான இழப்பும்

மயிலாப்பூர், மந்தைவெளியில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியோர் பலர். காலை நடை, கோயில், காய்கறிக் கடை என்று அவர்களுக்கு இருந்த மனிதத் தொடர்பு ஊரடங்கில் அறுந்தது. 2020 பங்குனியில் கபாலீசுவரர் கோயிலின் அறுபத்துமூவர் விழாவும் நடக்கவில்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைகளின் விற்பனைப் பணியாளர்களுக்கும், அடையாறு அடுக்ககங்களில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் கவலை வேறு: வாடகை, கடன், பள்ளிக் கட்டணம். பிள்ளைகளும் நெடுங்காலம் வீட்டிலேயே முடங்கினார்கள்; ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான்.

குடி நின்றபோது

2020 மார்ச் இறுதியில் மூடிய டாஸ்மாக் கடைகள் சென்னையில் ஆகஸ்ட் 18 அன்றுதான் திறந்தன. நெடுங்காலம் தினமும் குடிப்பவரின் மூளை மதுவுக்குப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். மதுவுக்குப் பதிலாக வேதிப்பொருள்களைக் குடித்துச் சிலர் மாநிலத்தில் இறந்தார்கள். அடையாறில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்றவை மருத்துவக் கண்காணிப்பில் குடியை நிறுத்தவைப்பது இதனால்தான்.

மருத்துவமனைகளுக்குள்

2021 மே மாதத்தில் ஓமந்தூரார், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளின் வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. செய்ய வேண்டிய சிகிச்சை தெரிந்தும் படுக்கை இல்லாததால் செய்ய முடியாத நிலை, மருத்துவர்களையும் செவிலியர்களையும் குற்றவுணர்வில் தள்ளக்கூடியது. மணிக்கணக்கில் கவச உடையில் வேலை, வீட்டாருக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சம், தூக்கக் குறைவு ஆகியவை அதற்கு மேல் சேர்ந்தன.

பிற நோயாளிகளும் தவித்தார்கள். பேருந்தும் ரயிலும் நின்றதால் வெளிமாவட்டத்தினர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருவதே சிரமமானது. மனநோய்க்கு மாதந்தோறும் மாத்திரை வாங்குவோருக்கும் அதே நிலை. மனநலச் சேவைகள் தடைபட்டதாக, உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஆய்வு செய்த 130 நாடுகளில் 93 சதவீதம் தெரிவித்தன. முதல் ஆண்டில் பதற்ற நோயும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக அந்த நிறுவனம் மதிப்பிட்டது.

துக்கம்

இறுதிச் சடங்கில் இருபது பேர் மட்டுமே கூடலாம் என்ற விதி, முகம் பார்க்க முடியாமல் கட்டப்பட்ட உடல், துக்கம் கேட்க வராத உறவு என இழப்பைப் பகிர்ந்து ஆற்றிக்கொள்ளும் வழிகள் எல்லாம் அடைபட்டன. அப்படி அடைபட்ட துக்கம் பலருக்கு நீண்டகால மனச்சோர்வாக மாறக்கூடும்.

இனிச் செய்ய வேண்டியவை

ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’ போன்ற தற்கொலைத் தடுப்பு மையங்கள் முன்பே இருந்தன. 2022 அக்டோபரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற மனநல ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் தொடங்கியது. அடுத்த தொற்றுக்கு இத்தகைய சேவை முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். நெடுநாள் நோயாளிகளுக்கு மருந்து வீடு தேடிப் போக வேண்டும். பணியாளர்களுக்கு ஓய்வும் ஆலோசனையும் வேண்டும். நோயாளியின் அடையாளம் காக்கப்பட வேண்டும். படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசிக்குத் திட்டமிடும்போதே இவற்றுக்கும் திட்டமிட வேண்டும்.